புதிய மொழியில் எழுதிய கதிரைகள்

மடுல்சீமை பஸ்ஸில் ஏறுகிற யாரும் கண்டக்டரைப் பிடித்து, "இந்த எஞ்சின் எந்த நாட்டில் செய்தது?" என்று கேட்பதில்லை. போகுமா, உட்கார இடம் இருக்கா, இந்த இரண்டையும்தான் கேட்பார்கள். பதுளை பஸ் நிலையத்தில் நிற்கிற எல்லோருக்கும் தெரிந்த இந்த உண்மை, கணினி படித்த எனக்கு மட்டும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள நான் என் சொந்தப் பரிசத்தையே செலவழிக்க வேண்டி வந்தது. (பரிசம் என்றால் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் தட்டு கொண்டு வருவார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டு மாற்றுவார்கள். 'உட்கார்ந்து' என்ற சொல்லைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

நான் பதுளைக்குப் பக்கத்தில், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், அதாவது லயத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில்தான் வேலை. நான் படித்து, கொழும்பில் ஒரு கம்பனியில் மென்பொருள் எழுதும் வேலைக்குப் போனபோது, லயத்தில் எல்லோரும் என்னை ராக்கெட் விடுகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நானும் அடுத்த வாரம் விடப்போகிறவள் மாதிரித்தான் நடந்துகொண்டேன். சும்மா இருப்பது என்பது என் உடம்பிலேயே கிடையாது. சாப்பிடும்போது கால் ஆடிக்கொண்டிருக்கும். நன்றாக வேலை செய்கிற ரேடியோவைக் கழற்றிப் பார்ப்பேன். "அது நல்லாத்தானே பாடுது?" என்று அம்மா கேட்டால், "இன்னும் நல்லாப் பாட வைக்கலாம்" என்பேன். அந்த ரேடியோ அதற்குப் பிறகு பாடவே இல்லை.

இப்படிப்பட்ட எனக்கு பண்டாரவளையில் ஆசிரியராக இருந்த சிவநேசனின் சம்பந்தம் வந்தது. முதல் சந்திப்பிலேயே நான் என் வேலையைப் பற்றிப் பேசித் தள்ளியதை அவர் கொட்டாவி விடாமல் கேட்டார். அந்த இடத்திலேயே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. பிரச்சினை அவருடைய அக்கா. நான் மதினி என்று கூப்பிட வேண்டியவர். பண்டாரவளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர். அவர் கடைக்கு முன்னால் வரும் லொறிக்காரர்கள் பீடியை அணைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் என்பதால், கடைசி வார்த்தை அவருடையதுதான்.

"புருஷன் பண்டாரவளையில, பொண்டாட்டி கொழும்புல. அப்புறம் கல்யாணம் எதுக்கு? போன்ல பேசிக்கிறதுக்கா?" என்று நேராகக் கேட்டார்.

"நான் கொழும்பு வேலைய விட்டுர்றேன் மதினி. பதுளையிலேயே கடைகளுக்கு சிஸ்டம் செஞ்சு குடுப்பேன்."

"அதுக்கு இங்க ஆளு இருக்கா?"

"நெறைய இருக்காங்க."

ஒருவர்கூட இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். பதுளையில் ஒரு வாடிக்கையாளரையாவது பிடித்து, பரிசத்துக்குள் அவர் வாயால் 'நல்ல வேலை' என்று சொல்ல வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் கொழும்பு வெள்ளவத்தையில் ஜன்னல் இல்லாத போர்டிங் அறை, சிவநேசனுக்கு வேறு பெண்.

அகப்பட்டவர் ரவூப் முதலாளி. பதுளையில் விசேஷங்களுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிறவர். கதிரை (நாற்காலியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), கூடாரம், பெரிய சமையல் கிடாரம், தட்டு, மணவறை அலங்காரம் எல்லாம் அவரிடம் உண்டு. எந்தத் தேதிக்கு எது யாருக்கு என்பதைக் கடைச் சுவரில் இருந்த கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார். அந்தப் பலகையில் எல்லோரும் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் பேசுவார்கள். ஒரு முறை ஒரு கல்யாணமே இப்படி யாரோ ஒருவருடைய சட்டையில் ஒட்டிக்கொண்டு பக்கத்து ஊரான ஹாலி-எலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

நான் கொழும்பில் தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மடிக்கணினியைத் திறந்து, எந்தக் கணினி மொழியில் எழுதுவேன், எந்தச் சட்டகத்தில் கட்டுவேன், தரவை எங்கே வைப்பேன், மற்றவர்கள் பாவிக்கிறதைவிட என்னுடையது ஏன் சிறந்தது என்று பேச ஆரம்பித்தேன். கறுப்புத் திரையில் அம்புக்குறி போட்ட படங்கள் வேறு. முதலாளி பிளேன்டீ குடித்தார். இரண்டு போன் எடுத்துப் பேசினார். வெளியே ரிவர்ஸ் எடுத்த லொறிக்கு "வலது, வலது, நில்லு!" என்று கத்தினார். நான் நிறுத்தவில்லை.

கடைசியில் அவர் கையைத் தூக்கினார்.

"செரி மகள். அதெல்லாம் செரி. ஆள் போன் எடுத்துக் கேக்கிறான், இந்தத் தேதிக்குக் கதிர ஈக்கா இல்லையா? நான் என்னத்தச் சொல்ற?"

('ஈக்கா' என்றால் இருக்கா. முதலாளி வீட்டுப் பேச்சு அப்படி.)

"அது வந்து முதலாளி, இந்த மொழியோட சிறப்பு என்னன்னா..."

"மொழி எதா இருந்தாலும் செரி. கதிர ஈக்கா இல்லையா?"

"அது காட்டும் முதலாளி."

"அப்ப செய்ங்க. பச்சக் கலர்ல காட்டணும். சிவப்பு வரப்படாது. சிவப்பக் கண்டா எனக்குப் பிரஷர் ஏறும்."

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் எனக்குள் ஒரு குறை. நான் இவ்வளவு விளக்கியும் அந்த மனிதர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே! வேகமாகச் செய்ய வேண்டியிருந்ததால், முதன்முதலில் நான் கற்ற, கை பழகிய பழைய மொழியிலேயே எழுதி முடித்தேன். (பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அதைப் பாவிக்கிறவர்கள் பெருமைப்படுவார்கள், மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள்.) கடையின் பொறுப்பாளர் ஜெயராஜ் அண்ணன் போனிலேயே பதிவு போடப் பழகிக்கொண்டார். சிஸ்டம் ஓடியது. ஒரே கதிரையை இரண்டு இடத்துக்கு ஒப்புக்கொள்கிற வழக்கம் நின்றது. முதலாளி வந்தவர் போனவருக்கெல்லாம் போனைக் காட்டி, "பாருங்கோ, பச்ச!" என்றார். கரும்பலகை கழற்றப்பட்டு, கிடாரம் ஒன்றுக்கு மூடியானது.

யாராவது புத்தியுள்ளவளாக இருந்தால் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பாள்.

என் கொழும்பு நண்பர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பெருமை தாங்காமல் அதில் ஒரு படம் போட்டேன். உடனே ஒருத்தி கேட்டாள்: "எதுல எழுதின?" பாருங்கள், இதல்லவா கேள்வி! இதற்காகத்தானே காத்திருந்தேன். சந்தோஷமாகச் சொன்னேன். அடுத்த நிமிஷம் சிரிக்கிற முகங்களாக வந்து விழுந்தன. "இன்னும் அதுலயா?" என்றான் ஒருவன். இன்னொருவன் ஒரு மலர்வளையப் படம் போட்டான்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடுகிற சிஸ்டத்தைப் பார்த்தாலே உடம்பு கூசியது. பரிசத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பிளவுஸ் அளவு கொடுக்க அம்மா கூப்பிட்டால், "இந்தா வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரையை விட்டு நகரமாட்டேன். அந்தக் காலத்தில் எல்லோரும் வாயில் போட்டுக்கொண்டிருந்த ஒரு புதிய மொழியில் முழுவதையும் திரும்ப எழுத ஆரம்பித்திருந்தேன்.

சிவநேசனிடம் போனில் சொன்னேன்.

"முதலாளி மாத்தச் சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்ல."

"ஜெயராஜ் அண்ணன் சொன்னாரா?"

"இல்லங்க. இது ரொம்பக் கண்டிப்பான மொழி. ஒரு இடத்த வெறுமையா விட்டாலும் ஏத்துக்காது. தப்பே வராது."

"அப்ப இப்ப தப்பு வருதா?"

"வரல. ஆனா வரலாம்ல?"

"பிளவுஸ் அளவு குடுத்தாச்சா?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

புதியதைக் கடையில் போட்டுவிட்டு, முதலாளி முன்னால் போய் நின்றேன். அவர் போனை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார்.

"ஏதாவது வித்தியாசம் தெரியுதா முதலாளி?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "மகள் கண்ணாடி மாத்தீக்கிறீங்களா?"

பழையதும் பச்சை, புதியதும் பச்சை. அவருக்கு என்ன தெரியும்! நான் ஜெயராஜ் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். சாமான் திரும்பி வரும் தேதியை இனிமேல் கட்டாயம் போட வேண்டும், போடாவிட்டால் சிவப்பு வரும், தேதி கடந்தால் 'சாமானைத் திருப்பித் தரவும்' என்று வாடிக்கையாளரின் போனுக்குத் தானாகவே மெசேஜ் போகும் என்று விளக்கினேன். "கெட்டிக்கார மெஷினு தங்கச்சி" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

பரிசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மண்டபத்தில். முதலாளி மனம் மகிழ்ந்து, கதிரையும் சமையல் சாமானும் தன் அன்பளிப்பு என்று சொல்லியிருந்தார். பதிவைப் போட்டது நான். புதிய மொழியில், ஒரு இடம்கூட வெறுமையில்லாமல், என் சொந்தக் கையால் போட்டேன்.

காலையில் பட்டுச் சேலையோடு மண்டபத்துக்குப் போனேன். முந்தின இரவு கொட்டிய மழையில் கூரை ஒழுகி, தரையில் தண்ணீர் நின்றது. பெண்கள் தும்புத்தடியால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் சின்ன லொறி வந்தது. கிடாரம் இறங்கியது. தட்டு இறங்கியது. பூ அலங்காரம் இறங்கியது. லொறி திரும்பிப் போய்விட்டது.

"கதிர எங்கம்மா?" என்றார் அப்பா.

"அடுத்த லொறியில வரும்ப்பா. சிஸ்டத்துல 'தயார்'னு இருக்கு." போனைக் காட்டினேன். அழகான பச்சை.

அப்பா போனைப் பார்த்தார். மண்டபத்தைப் பார்த்தார். "அதுல இருக்கு. இங்க இல்லியே."

ஜெயராஜ் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, கதிர கெளம்பிருச்சா?"

"எந்தக் கதிர தங்கச்சி?"

"எங்க பரிசத்துக்கு!"

"கதிர பூராவும் நேத்தே மடுல்சீமைக்குப் போயிருச்சே. எழவு வீட்டுக்கு."

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மரண வீடு என்று வந்து கேட்டால், கதிரை இல்லை என்று எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். முன்பதிவு கேட்கமாட்டார். முக்கியமாக, எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்கவே மாட்டார். காரியமெல்லாம் முடிந்து, அவர்களாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதுவரை அந்தக் கதிரைகளைப் பற்றிப் பேச்சே கிடையாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். என் அருமையான மொழிக்குத்தான் தெரியாது.

"சிஸ்டத்துல போடலையா அண்ணே?"

"போட்டேனே! திரும்பி வர்ற தேதி இல்லாமப் போட்டேன், செவப்பு வந்துச்சு. முன்னாடியெல்லாம் சும்மா விட்டா ஏத்துக்கும். சரின்னு நானா ஒரு தேதியப் போட்டேன். அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு, தேதி தாண்டுனா அவங்க போனுக்கு மெசேஜ் போகும்னு நீங்க சொன்னது. எழவு வீட்டுக்கு 'சாமானத் திருப்பிக் குடு'ன்னு மெசேஜ் போகலாமா தங்கச்சி? அதான் அந்தப் பதிவையே அழிச்சிட்டேன்."

"எங்களுக்குக் கதிர வேணுமேன்னு நெனக்கலையா?"

"நெனச்சேன். உள்ள போயிப் பாத்தேன். ஒங்க பரிசத்துக்கு 'தயார்'னு பச்சையா இருந்துச்சு. கெட்டிக்கார மெஷினு, வேற எங்கயோ கதிர வச்சிருக்குன்னு நெனச்சேன்."

மடுல்சீமைக்கு ஆள் அனுப்பலாம் என்றால் அந்த ரோட்டில் போய்வர மாலையாகிவிடும். அப்படியே போனாலும், இழவு வீட்டில் இருந்த கதிரையைக் கழுவாமல் பரிச வீட்டுக்குக் கொண்டுவருவதா? நினைத்துப் பார்க்கவே முடியாது. முகூர்த்த நாள் என்பதால் பதுளையில் மற்றக் கடைகளிலும் கதிரை இல்லை. பாய் விரிக்கலாமே என்றார் பெரியப்பா. தரையில் நின்ற தண்ணீரில் அவர் பாய் மிதக்கும்.

அந்த நேரம் பார்த்து பண்டாரவளையிலிருந்து வந்த பஸ் மண்டப வாசலில் ஹோர்ன் அடித்தது.

தட்டோடு பெண்கள் இறங்கினார்கள். வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி பெரியவர்கள் இறங்கினார்கள். சிவநேசன் இறங்கி, என் முகத்தைப் பார்த்ததுமே என்னவோ நடந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். கடைசியாக மதினி இறங்கினார். மாம்பழக் கலர்ப் பட்டு. நல்ல வாட்டசாட்டமான உடம்பு. மண்டபத்துக்குள் வந்து, வெறும் தரையை ஒரு சுற்றுப் பார்த்து, மரக்கறி லொறிக்குள் எட்டிப் பார்க்கிற அதே பார்வையை என்மேல் வைத்தார்.

"நல்ல நேரம் முடியப் போவுது. எங்க உக்கார்றது?"

அப்போது அம்மாவுக்குத்தான் மூளை வேலை செய்தது. மண்டபத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளைக் காம்பரா. வேலைக்குப் போகும் தாய்மார் தோட்டத்துக் குழந்தைகளை விட்டுப் போகிற இடம். அதன் பூட்டுத் திறப்பு, மண்டபத்தில் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்த காம்பரா ஆயம்மாவின் இடுப்பிலேயே இருந்தது. ஐந்து நிமிஷத்தில் கதிரைகள் வந்து இறங்கின. சிவப்பு, நீலம், மஞ்சள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு முயல் சிரித்துக்கொண்டிருந்தது. உயரம் என் முழங்காலுக்குக் கீழே.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு தாத்தா தைரியமாக இறங்கினார். இறங்கினார், இறங்கினார், இன்னும் இறங்கினார். ஒரு வழியாக உட்கார்ந்ததும் அவருடைய முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எதிரே உட்கார்ந்தார்கள். தட்டு மாற்ற எழுந்திருக்க வேண்டிய சமயத்தில் யாராலும் எழுந்திருக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே, கூடை கைமாற்றுவதுபோல, ஆளுக்கு ஆள் தள்ளித் தள்ளித் தட்டு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. தேங்காய் ஒன்று உருண்டு தண்ணீரில் விழுந்தது.

மதினி மட்டும் நின்றுகொண்டிருந்தார். அப்பா கெஞ்சிக் கேட்டதும், முயலை ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தார். கதிரை ஒரு சத்தம் போட்டது. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. தாங்கிவிட்டது.

"இப்ப சொல்லு," என்றார் மதினி, அவ்வளவு தாழ்விலிருந்தும் என்னை அதட்டியபடி. "கதிர ஏன் வரல?"

இந்த இடத்தில் ஒரு சாதாரணப் பெண் 'தப்பு நடந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அழுதிருப்பாள். நானோ விளக்க ஆரம்பித்தேன். "அது வந்து மதினி, பழைய மொழியில வெறுமையான இடத்த அது கண்டுக்காது. புது மொழியில ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வகை உண்டு, அந்த வகைக்கு ஒரு பெறுமதி கட்டாயம் இருக்கணும், அதனால..." சபை முழுவதும், முழங்கால்களுக்கு இடையிலிருந்து, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிவநேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே லொறிச் சத்தம். ரவூப் முதலாளி தொப்பியும் வியர்வையுமாக உள்ளே வந்தார். ஜெயராஜ் அண்ணன் சொல்லித்தான் அவருக்கே தெரியும். தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக் கதிரைகளையும், கடையில் தான் உட்காரும் சுழல் கதிரையையும், வரவேற்பறை சோபாவையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் நின்று நான் பேசுவதைக் கொஞ்சம் கேட்டார். பிறகு கையைத் தூக்கினார்.

"அதெல்லாம் செரி மகள். கதிர ஈக்கா இல்லையா?"

முதலில் அந்தத் தாத்தாதான் சிரித்தார். சிரித்த வேகத்தில் கதிரையோடு பின்னால் சாய்ந்துவிட்டார். அவரைப் பிடிக்கப் போனவரும் சாய்ந்தார். பிறகு மண்டபமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தால் இல்லை, பயத்தால். மதினியும் சிரிக்கவில்லை. அவர் முதலாளியைக் கையசைத்துக் கூப்பிட்டார். வியாபாரி வியாபாரியிடம் கேட்கிற கேள்வி.

"மொதலாளி, உண்மையச் சொல்லுங்க. இந்தப் புள்ள செஞ்ச சிஸ்டத்த வச்சிருப்பீங்களா, தூக்கிப் போடுவீங்களா?"

என் வாழ்க்கை முழுவதும் அந்த வியர்த்த மனிதரின் வாயில் இருந்தது. பண்டாரவளையா, போர்டிங் அறையா.

"தூக்கித்தான் எறியணும்," என்றார் முதலாளி. என் உயிர் போயிற்று. "இப்ப ஈக்கிறத. முந்தி ஒண்டு போட்டுத் தந்தாவே, அது தங்கம். அது எங்க போச்சுதுன்னு கேக்கத்தான் ஓடி வந்தேன்."

"அந்தத் தங்கத்தச் செஞ்சது யாரு?"

"இவதான்."

"இதச் செஞ்சது?"

"அதுவும் இவதான்."

மதினி யோசித்தார். யோசிக்கிறபோது அவர் லேசாக ஆடுவார். முயல் கதிரையும் சேர்ந்து ஆடியது.

"செய்யவும் தெரியுது, கெடுக்கவும் தெரியுது," என்றார் கடைசியில். "அப்ப பதுளையிலேயே இருக்கட்டும். கொழும்புல போயி கெடுத்தா நம்ம கண்ணுக்குத் தெரியாது."

அதுதான் சம்மதம். அதைவிட அன்பான வார்த்தையை இந்த விஷயத்தில் அவரிடம் எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் முதலாளி என்னைச் சாப்பிட விடவில்லை. பழையதைத் திரும்பப் போட்ட பிறகுதான் பிரியாணி என்றார். (பிரியாணி அவருடைய கிடாரத்தில்தான் வெந்துகொண்டிருந்தது.) மண்டபத்தில் இன்டர்நெட் சரியாக வராது. தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே ஒரு வளைவு உண்டு. தோட்டத்தில் யாருக்கு வெளிநாட்டிலிருந்து வீடியோ கோல் வந்தாலும் அங்கேதான் போய் நிற்பார்கள். பட்டுச் சேலையும் மாலையுமாக நான் லொறியின் முன் இருக்கையில் ஏறி, மடியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டேன். சிவநேசனும் கூட வந்தார். பரிசம் முடிந்த ஜோடி லொறியில் போவதைப் பார்த்து, வளைவில் நின்றவர்கள் நாங்கள் ஓடிப்போகிறோம் என்று நினைத்தார்களாம். 'பரிசம்தான் ஆயிருச்சே, அப்புறம் எதுக்கு ஓடுறாங்க?' என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்களாம்.

பழையது ஏறிக்கொண்டிருந்தபோது சிவநேசனிடம், "ஒங்களுக்கும் கோவமா?" என்று கேட்டேன்.

"இல்ல," என்றார். திரையை எட்டிப் பார்த்து, "அந்தப் புது மொழி உண்மையாவே நல்லதா?" என்று கேட்டார்.

அந்த ஒரு நாளில், மொழியைப் பற்றி அக்கறையோடு கேட்ட ஒரே மனிதர். நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கொட்டாவி விடாமல் கேட்டார். பழையது ஏறி முடிந்தது. ஜெயராஜ் அண்ணன் மடுல்சீமைக் கதிரைகளைத் தேதி இல்லாமலே பதிவு போட்டார். சிஸ்டம் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டது. எங்கள் பரிசத்துக்கு நேரே 'கதிரை இல்லை' என்று வந்தது. சரியான பதில்தான், கொஞ்சம் தாமதம்.

அதற்குப் பிறகு கல்யாணமாகி, பண்டாரவளைக்குப் போய், இந்தப் பக்கத்தில் பல கடைகளுக்கு சிஸ்டம் செய்து கொடுத்துவிட்டேன். கரண்ட் போனால் வேலை செய்யுமா என்று கேட்பார்கள். சிங்களத்திலும் வருமா என்று கேட்பார்கள். மருமகனுக்குத் தெரியாமல் சில விஷயத்தை மறைக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்பார்கள். எந்த மொழியில் எழுதுகிறாய் என்று ஒரே ஒரு மருந்துக்கடைக்காரர்தான் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசையோடு பெயரைச் சொன்னேன். "அப்படியா? எங்க தம்பி அது கூடாதுன்னானே," என்றார். "சரி, பில்லு தமிழ்ல வருமா?"

வீட்டில் நான் எதை விளக்கத் தொடங்கினாலும், அது புது அடுப்பாக இருந்தாலும் சரி, குழம்பு தாமதமானதற்குக் காரணமாக இருந்தாலும் சரி, சிவநேசன் கையைத் தூக்குவார். "அதெல்லாம் செரி மகள். கதிர ஈக்கா இல்லையா?" அம்மா போனில்கூட இதைச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார்.

மதினி அப்படிக் கேலி செய்வதில்லை. எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் கையோடு ஒரு மடக்கு ஸ்டூல் கொண்டு வருவார். வளைகாப்புக்குக் கொண்டு வந்தார். பால் காய்ச்சிய அன்று கொண்டு வந்தார். வீட்டில் இப்போது நல்ல சோபா இருக்கிறது, சாப்பாட்டு மேசைக்குச் சுற்றிவரக் கதிரை இருக்கிறது. அதையெல்லாம் அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

போன பொங்கலுக்கும் வந்தார். ஸ்டூல் கக்கத்தில். வாசலிலேயே நின்று, சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்த என் மடிக்கணினியைப் பார்த்தார். சில நாட்களாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை என்பது உண்மைதான். இன்னும் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அதில் எழுதினால் எல்லாம் எவ்வளவு சுத்தமாக இருக்கும் தெரியுமா?

"புதுசா எதயும் மாத்தலதானே?" என்றார் மதினி.

"இல்ல மதினி."

என் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு சோபாவைத் தாண்டிப் போய், ஸ்டூலை விரித்து, அதில் உட்கார்ந்தார்.